ஆட்டு நெஞ்சில் விட்ட பூ

எனக்கு எண்பத்து நாலு வயது. பெற்றது ஆறு, வளர்த்ததும் ஆறு. இந்த வரிசை வீடுகளில் பெற்றதையெல்லாம் வளர்த்தேன் என்று சொல்ல என்னைத் தவிர வேறு பொம்பளை கிடையாது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். பள்ளிக்கூடம் எனக்கு இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்துக்கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகும். ஆகட்டும். எனக்கு எந்தக் கப்பலைப் பிடிக்கவேண்டியிருக்கிறது?

எழுதப்போவது மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த ஒரு மனுஷனைப் பற்றி. பேர் சொல்லமாட்டேன். அவர் பேரை நாங்கள் ஒரு தடவை கெடுத்தது போதும். ஊரில் எல்லாரும் டங்கர் டாக்டர் என்பார்கள். இங்கத்து இந்தியில் டங்கர் என்றால் ஆடுமாடு.

போர்ட் பிளேயருக்குப் பக்கத்தில், சௌல்தாரிக்கு அப்பால் காட்டை வெட்டி எங்களுக்கு இடம் கொடுத்த புதிது. பன்னிரண்டு வீடு. நாங்கள் ராமநாதபுரம் பக்கம். அடுத்த வீடு வங்காளம். அதற்கப்பால் மலையாளம், தெலுங்கு, ராஞ்சிக்காரர்கள். எல்லாருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை இந்தியும் அட்டைக்கடியும்தான். வீட்டுக்கு இரண்டு வெள்ளாடு சர்க்கார் கொடுத்தது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்த ஆடு. இதைப் பிழைக்கவைத்துக் காட்டுங்கள், அப்புறம் மாடு தருகிறோம் என்றார்கள். மாடு வந்தால் பால், எரு, உழவு எல்லாம் வந்தமாதிரி. அதனால் ஆடு செத்தால் வெறும் ஆடு செத்தது என்று யாரும் நினைக்கவில்லை.

அவர் நெட்டையாக, ஒல்லியாக இருப்பார். காக்கி அரைக்கால் டவுசர். சைக்கிளின் பின்னால் தகரப்பெட்டி. வீட்டுக்கு வந்தால் வீட்டு ஆளைப் பார்க்கமாட்டார். என்ன, எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டார். நேரே ஆட்டிடம் போவார். நெஞ்சு கேட்கிற குழாயின் ரப்பர் மழையில் மக்கிப்போய்விட்டது. புதுசு கப்பலில் வருது, வருது என்று இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்காக அவர் காத்திருக்கவில்லை. ஒரு சாண் மூங்கிலை வெட்டி, இரண்டு முனையும் வழவழவென்று தேய்த்து வைத்திருந்தார். ஆட்டின் இடது முன்னங்காலுக்குப் பின்னால் ஒரு முனையை ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கண்ணை மூடுவார். அந்நேரம் குழந்தை அழுதால், "சுப்!" என்பார். குழந்தைகூட நிறுத்திவிடும்.

ஒருநாள் அவரே சொன்னார்: "நல்ல நெஞ்சு உரல்ல குத்துற மாதிரி கேக்கும். கெட்ட நெஞ்சு முறத்துல புடைக்கிற மாதிரி. சர்ர்ரு, சர்ர்ருன்னு."

முறச் சத்தம் கேட்டால் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு, "பூ விட்டுடுச்சு" என்பார். கூடவே ஒரு கணக்கு. ஆறு நாள். பதினோரு நாள். அத்தனை நாளில் சாகும்.

பூ என்றால் என்னவென்று எங்களுக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். நெஞ்சுக்குள் சின்னச் சின்னக் கதவு இருக்கிறதாம். ரத்தம் ஒரு பக்கம் போனால் திரும்பி வராமல் அடைக்கிற கதவு. உடம்பில் எங்கேயாவது புண் சீழ்ப்பிடித்தால், அதிலிருக்கிற கிருமி ரத்தத்தோடு போய் அந்தக் கதவில் உட்கார்ந்து மருமருவாக வளருமாம். பிறகு கதவு சரியாக மூடாது. ஆட்டுக்குக் காய்ச்சல் வந்து வந்து போகும். இன்று ஒரு கால் நொண்டும், நாளை இன்னொரு கால். கழுத்து நரம்பு துடிக்கும். மேய்ந்துகொண்டே நிற்கும்போது விழுந்துவிடும்.

பூ வளர்ந்தபின் மருந்து இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். பார்ப்போம் என்கிற வார்த்தையே அவர் வாயில் கிடையாது.

அவர் இந்தத் தீவிலேயே பிறந்தவர். அவருடைய தாத்தாவைச் சங்கிலி போட்டுக் கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். முதுகுக்குப் பின்னால் கைதி பேரன் என்று சொல்வோம். ராஞ்சிக்காரர் ஒருத்தர் வாய்க்கொழுப்பில் நேராகவே கேட்டுவிட்டார்.

"உங்க தாத்தா எத்தனை பேரைக் கொன்னார், டாக்டர்?"

"ஒரு ஆளு. கூடப்பிறந்த அண்ணனை. அருவாளால. அண்ணன் மேல தப்பு ஒண்ணும் இல்ல" என்றார், ஆட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்துக்கொண்டே.

கேட்டவருக்குத்தான் முகம் செத்துப்போயிற்று.

அடுத்த வீட்டு வங்காளத்துப் பெண்ணை நான் பௌதி என்று கூப்பிடுவேன். அவர்கள் பேச்சில் அண்ணி. முதலில் பூ விட்டது பௌதியின் ஆட்டுக்குத்தான். அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பலா இலையாக ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டு இலை பக்கத்தில் கிடந்தது. இவர் மூங்கிலை எடுத்துவிட்டு இலைக்கட்டைப் பார்த்தார்.

"இவ்வளவு எதுக்கு? வியாழக்கிழமை வரைக்கும் போதும்."

பௌதி அழுத அழுகை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அவர் பெட்டியை மூடிக்கொண்டு போய்விட்டார். ஆடு புதன்கிழமை சாயங்காலம் செத்தது. வியாழன் காலையில் வந்து பார்த்துவிட்டு, "ஒரு நாள் தப்பிப்போச்சு" என்று முகத்தைச் சுளித்தார். அவருக்கு வருத்தம் அதில்தான்.

அதற்குள் பௌதியின் புருஷன் விறகுக்கட்டையால் அவள் முதுகை வீங்கவைத்திருந்தான். உன் கண் பட்டுத்தான் ஆடு போச்சு, நீ வாய் வைத்ததால்தான் என்று. இவர் அதைக் கேட்டார். முற்றத்திலேயே ஆட்டைக் கிழித்தார். நெஞ்சை எடுத்து வாளித்தண்ணீரில் அலசி, நீளமாகப் பிளந்து, புருஷனைக் கூப்பிட்டு அவன் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே மஞ்சளாக, கோழிக்கொண்டை மாதிரி, நெறுநெறுவென்று ஒன்று கதவை அடைத்துக்கொண்டிருந்தது.

"இதை அடி. உன் பொஞ்சாதி இதுக்குள்ள போய் பூ வச்சாளா? சொல்லு."

அவன் கையை உதறப் பார்த்தான். இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பாரு. நல்லா பாரு. திறந்து பாத்தாத்தான் தெரியும்." பன்னிரண்டு வீடும் நின்று பார்த்தது. அதற்கப்புறம் ஆடு செத்ததற்காக எந்த வீட்டிலும் எந்தப் பொம்பளையும் அடி வாங்கவில்லை. நன்றிக்குப் பௌதி ஒரு தட்டில் பொரி கலந்து கொடுத்தாள். ஒரு வாய் தின்றுவிட்டு, "உப்பு ஜாஸ்தி" என்று திருப்பிக் கொடுத்தார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அது முக்கியம். ஊசியைக் கொதிக்கவைக்காமல் அவர் போடமாட்டார். பெட்டிக்குள் ஒரு சின்ன ஸ்டவ், ஒரு பழைய பால்டின். தண்ணீர் தளதளவென்று கொதித்தபிறகு இருபது நிமிஷம். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். ராஞ்சிக்காரர் ஆடு ஒன்று நாக்குத் தள்ளிக் கிடந்தபோதும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

"சாப், ஜல்தி, சாப். போயிரும், சாப்."

"இன்னும் எட்டு நிமிஷம்."

ஆடு செத்தது. இவர் ஸ்டவ்வை அணைத்து, தண்ணீரைக் கொட்டி, ஊசியைத் துணியில் சுற்றி வைத்தார். "இப்ப தேவையில்ல" என்றார். ராஞ்சிக்காரர் அவரை அடிக்கப் போனார். என் வீட்டுக்காரர்தான் பிடித்து நிறுத்தினார்.

இனி என் கதைக்கு வருகிறேன். சுற்றிவளைக்க எனக்குப் பழக்கமில்லை என்றாலும் இந்த இடத்துக்கு வர இத்தனை பக்கம் ஆகிவிட்டது.

எங்கள் அப்பா கிடைக்காரர். கண்மாய்க்கரை முழுக்க அவர் ஆடு. எந்த ஆடு எவருடையது என்று தெரிய, காதில் வெட்டுவோம். வீட்டுக்கு ஒரு வெட்டு. எங்கள் சீமையில் அப்பா கைவெட்டுக்குப் பேர் உண்டு. அவர் கத்தியை நான் சேலை மடிப்பில் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்திருந்தேன். இங்கே எல்லார் ஆடும் ஒரே காட்டுச்சரிவில் மேய்ந்ததால் தினம் சண்டை. இது உன்னது, இது என்னது என்று. நான்தான் முன்னால் வந்தேன். ஒரே நாளில், நிறைமாத வயிற்றோடு உட்கார்ந்து, இருபத்திரண்டு ஆட்டுக்குக் காது வெட்டினேன். பௌதி வீட்டுக்குப் பிறை. மலையாளத்து வீட்டுக்கு இரட்டை வெட்டு. எங்களுக்கு நுனிவெட்டு. அதோடு சண்டை நின்றது. ஆம்பளைகள்கூட, ராமநாதபுரத்து அம்மா கையில் வித்தை இருக்கிறது என்றார்கள். அந்தப் பேச்சு எனக்குச் சோற்றைவிடப் பெரிசாக இருந்தது.

தெலுங்கு வீட்டு ஆடு இரண்டும் பின்னால் வந்த கப்பலில் வந்தன. அப்போது நான் பிரசவித்துப் படுத்திருந்தேன். அதனால் அவற்றுக்குக் காது வெட்டவில்லை. முதலில் வந்த இருபத்திரண்டுக்கும் டங்கர் டாக்டர் தடுப்பூசி போட்டிருந்தார். மருந்து தீர்ந்துபோனதால் இந்த இரண்டுக்கும் ஊசியும் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்.

காது வெட்டி இரண்டு மாதத்தில் சாவு தொடங்கியது. ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது.

என் செவலையாட்டுப் பாலில்தான் கைப்பிள்ளை கிடந்தான். எனக்கு மாரில் கட்டி வந்து பால் வற்றிவிட்டது. செவலை நொண்ட ஆரம்பித்ததும் அவருக்கு ஆள் அனுப்பினேன். வந்தார். மூங்கிலை வைத்தார். கண்ணை மூடினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் எரவாணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பூ விட்டுடுச்சு. ஒன்பது நாள். இதோட பாலைக் குடுக்காத. பிள்ளைக்கு வேற பாத்துக்க."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா? பச்சப்பிள்ளை வச்சிருக்கிறவகிட்ட பேசுற பேச்சா இது?"

அவர் ஆட்டின் காதைப் பிடித்திருந்தார். வெட்டின இடத்தில் நான் அப்பியிருந்த சாம்பல் பொருக்கை நகத்தால் நெம்பினார். பொருக்கு பெயர்ந்தது. அடியிலிருந்து சீழ் அவர் விரலில் வழிந்தது. வெட்டி நாலு மாதம் ஆகியும் ஆறாத சீழ்.

"கத்தியைக் கொண்டா."

கொண்டுவந்தேன். மூக்குக்குக் கிட்டே வைத்து மோந்தார்.

"மீன் வெட்டுவியா இதுல?"

"வெட்டுவேன்."

"ஒரு ஆட்டுக்கும் அடுத்த ஆட்டுக்கும் நடுவுல என்ன செஞ்ச?"

"முந்தானையில துடைச்சேன்."

"புண்ணுல?"

"சாம்பலும் சாணியும். எங்க அப்பா வைக்கிறதுதான். எங்க ஊர்ல ரெண்டே நாள்ல காஞ்சிரும்."

"உங்க ஊர்ல வெயிலு. இங்க எட்டு மாசம் மழை. எங்க காயும்?" கத்தியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "ஒன்பது ஆடு. இது பத்தாவது. நீதான்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். பல்லைப் பார்த்து ஆட்டுக்கு வயசு சொல்லுகிற மாதிரி சொன்னார். வெள்ளிக்கிழமை போர்ட் பிளேயரிலிருந்து பெரிய டாக்டர் இந்தச் சாவை விசாரிக்க வருகிறார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

"டாக்டரய்யா, அவர்கிட்ட சொல்லாதீங்க. இனிமே நான் கத்தியத் தொடமாட்டேன். இந்தப் பன்னெண்டு வீட்டுக்கு நடுவுல நான் எப்படி இருப்பேன்? அடிச்சுக் கொன்னுருவாங்க."

"கொல்ல மாட்டாங்க. பேச மாட்டாங்க. தண்ணிக்குப் போனா நகந்து நிப்பாங்க. அவ்வளவுதான்."

"சொல்லாம இருக்க முடியாதா?"

"கேட்டா சொல்லுவேன்" என்று சைக்கிளை எடுத்தார்.

சுற்றிலும் கடல். பேசாத பதினோரு வீடு. கையில் பால் இல்லாத பிள்ளை. மூன்று நாள் அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன். வெள்ளிக்கிழமை விடிந்தபோது எனக்குப் பயம் போயிருந்தது. என்ன செய்யவேண்டும் என்று தெரிந்திருந்தது.

பெரிய டாக்டர் ஜீப்பில் வந்தார். பலாமரத்தடியில் நாற்காலி போட்டோம். அவர் உட்கார்ந்து குடையை மடிப்பதற்குள் நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"சாப், இவர் ஊசி போட்ட ஆடெல்லாம் சாகுது. தெலுங்கு வீட்டு ஆடு ரெண்டுக்கும் இவர் ஊசி போடல. அது ரெண்டும் கல்லு மாதிரி நிக்குது. போய்ப் பாருங்க."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. இன்றைக்கும் சொல்கிறேன், ஒரு வார்த்தை கிடையாது. கடைசியில் இதையும் சேர்த்தேன்: "இவங்க பாட்டன் எதுக்கு இந்தத் தீவுக்கு வந்தான்னும் கேளுங்க, சாப். உயிரை எடுக்கிறது ரத்தத்துலயே இருக்கு."

அதுவே போதுமாயிருந்தது. முதலில் ராஞ்சிக்காரர் கத்தினார். எட்டு நிமிஷம் எட்டு நிமிஷம் என்று ஆட்டைச் சாகவிட்டானே என்றார். பிறகு மலையாளத்து வீடு. பிறகு எல்லாரும். பெரிய டாக்டர் பௌதியைப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்றார். அவள் தரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஆமா சாப், ஊசிக்கு அப்புறம்தான்" என்றாள்.

பெரிய டாக்டர் இவர் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன சொல்ற?"

"காது வெட்டுன புண், சாப். அந்தம்மா கத்தி."

"சாட்சி?"

"நெஞ்சைத் திறந்தா பூ தெரியும், சாப்."

"பூ இருக்கட்டும். அது கத்தியால வந்துச்சா, ஊசியால வந்துச்சான்னு பூவைப் பாத்தா தெரியுமா?"

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். வேறு எந்த மனுஷனாக இருந்தாலும் தெரியும் என்று சொல்லியிருப்பான். ஒரே வார்த்தைதானே.

"தெரியாது, சாப்."

"ஊசியால வரலாமா?"

"சரியா கொதிக்க வைக்கலேன்னா வரலாம்."

"எப்பவும் கொதிக்க வச்சியா? ஒரு தடவைகூடத் தவறலையா?"

மறுபடியும் யோசித்தார். நான் பிள்ளையை இறுக்கிக்கொண்டேன்.

"ஒரு தடவை. ஸ்டவ்வுல எண்ணெய் தீந்துபோச்சு. பதினாலு நிமிஷம்தான் கொதிச்சுது."

பெரிய டாக்டர் சிரித்துவிட்டார். கூட்டமும் சிரித்தது. நானும் சிரித்தேன். கத்தியைப் பற்றி அதற்குப்பின் யாரும் கேட்கவில்லை.

தெற்கே கடைசித் தீவுக்கு அவரை மாற்றினார்கள். போர்ட் பிளேயர் ஷாதிபூரில் அவருக்குக் கண் தெரியாத அம்மா ஒருத்தி இருந்தாள். கப்பல் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அந்த வருஷ மழையிலேயே செத்துப்போனாள். மகன் வந்துசேரக் கப்பல் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கிப்போட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

போவதற்கு முன்னால் ஒரு காலையில் என் வீட்டுக்கு வந்தார். ஒன்பதாம் நாள். செவலை அன்று விடியலில்தான் விழுந்திருந்தது. அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பெட்டியில் கை வைத்தார். கத்தியை எடுத்துக் கிழிக்கப்போகிறார், ஊரைக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பால்டின்னை எடுத்து வாசற்படியில் வைத்தார்.

"ஆட்டைத் திறக்க வேண்டாம். ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றார். "கத்தியை இதுல போட்டுக் கொதிக்க வை. இருபது நிமிஷம். பதினாலு இல்ல."

பெட்டியை மூடிச் சைக்கிளில் கட்டினார்.

"பிள்ளைக்குத் தெலுங்கு வீட்டுல பால் கேளு. ரெண்டுல கறுப்பு ஆடு. நெஞ்சு கேட்டேன். உரல் மாதிரி இருக்கு."

சைக்கிள் ஏறினார். மழை பெய்துகொண்டிருந்தது. குடை பிடிக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

நான் கேட்டேன், தெலுங்கு வீடு கொடுத்தது, பிள்ளை பிழைத்தான். கத்தியை வீட்டுக்குப் பின்னால் ஒருத்தரும் பார்க்காமல் கொதிக்கவைத்தேன். சாம்பலை விட்டேன், சாணியை விட்டேன். அடுத்த கப்பலில் வந்த ஆடுகளுக்கெல்லாம் நான்தான் காது வெட்டினேன். ஒன்றுகூடச் சாகவில்லை. ஊர் என்ன சொன்னது தெரியுமா? கைதி பேரன் போனான், சாவும் கூடவே போச்சு என்றது. பார்த்தாயா, அந்தம்மா அன்றைக்கே சொல்லிச்சு என்றது. நானும் தலையை ஆட்டினேன். முதல் மாடு என் வீட்டுக்குத்தான் வந்தது. மாலை போட்டுக் கொண்டுவந்து கட்டினார்கள். அவர் சொல்லிக்கொடுத்த கொதிதண்ணீரையே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைத்துவிட்டேன். அதற்கும் ஒரு கெட்டிக்காரத்தனம் வேண்டும். எனக்கு இருந்தது.

அவர் அப்புறம் என்ன ஆனார் என்று தெரியாது. நான் விசாரிக்கவில்லை.

போன வாரம் பௌதி உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஊசியால் ஆட்டைக் கொன்ற கைதி பேரன் கதையைச் சொன்னாளே, நான் முறத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஐம்பது வருஷத்துக்கு மேலாக அவள் அதைச் சொல்கிறாள். சொல்லிச் சொல்லி அவளே நம்பிவிட்டாள். அவள் முதுகுத் தழும்பு மட்டும் மறந்துபோச்சு.

இந்தா பாப்பா, நோட்டு. கறுப்பாட்டுப் பால் குடித்தவன் உன் அப்பன்தான். இதை எனக்கு ஒருதரம் படித்துக் காட்டு. இரு, இப்போதே ஆரம்பிக்காதே. போய் பௌதியைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து இங்கே உட்காரவை. அவளுக்குக் காது மந்தம், தமிழும் வராது. வரிக்கு வரி இந்தியில் சத்தமாகச் சொல்லு. பதினாலு நிமிஷம் என்று வருகிற இடத்தில் மட்டும் வேகமாகப் போய்விடாதே.